தூண்டில் இரையின் நிறம்: நீரும் கண்ணும் உழைப்பும்

கொழும்பு மாநகரின் தென்புறத்தே பாமன்கடையைத் தொட்டுச் செல்லும் கால்வாய்த் தொகுதி, ஒருபுறம் வெள்ளவத்தையிலும் மறுபுறம் தெஹிவளையிலும் கடலோடு கலக்கின்றது. கால்வாய்க் கரையில் நிற்கும் ஒருவர் மேற்கே நடந்து, காலி வீதியையும் புகையிரதப் பாதையையும் கடந்து, கடலோரப் பாறைகளை அடைய அதிக நேரம் செல்லாது. எனினும் இக்குறுகிய தூரத்துள் இருவேறு நீருலகங்கள் அமைந்துள்ளன. கால்வாயிலே பாசியும் சேறும் கலந்த மங்கிய நீர். அங்கு விராலுக்கும் திலாப்பியாவுக்கும் தூண்டில் இடுவோரைக் காணலாம். கடலோரத்திலே பருவத்துக்கேற்பத் தெளிந்தும் கலங்கியும் தோன்றும் உவர்நீர். அங்கு பாரையையும் சீலாவையும் நாடிப் போலி இரைகளை வீசுவோர் நிற்பர். இரு சாராரும் தம்முட் கேட்டுக்கொள்ளும் வினா ஒன்றே: எந்த நிற இரையை மீன் கவ்வும்?

வினா எளியதாகத் தோன்றினும் அதற்கு விடையளிக்கப் பௌதிகவியல், உயிரியல், மீனவரின் தொழிலனுபவம் ஆகிய மூன்றின் துணையும் வேண்டியுள்ளது. இம்மூன்றையும் ஒதுக்கிவிட்டு, பெட்டியிற் பொதிந்துவரும் சரக்கின் விளம்பரத்தையே விடையாகக் கொள்ளும் போக்கு இன்று வலுப்பெற்று வருகின்றது. ஆதலின் இவ்விடயத்தை அடிப்படையிலிருந்து நோக்குவது பயனுடையது எனக் கருதுகின்றோம். மரம், உலோகம், இறகு, பிளாஸ்டிக் முதலியவற்றால் இரையின் தோற்றமோ அசைவோ தோன்றச் செய்யப்பட்ட கருவியையே ஈண்டுப் போலி இரை என்கின்றோம்.

வட நாட்டு மீனும் நம் நாட்டு நீரும்

போலி இரைகளின் நிறம் பற்றி அச்சில் வந்துள்ள அறிவுரைகளிற் கணிசமான பகுதி, ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வாழும் பைக் என்னும் மீனை முன்வைத்து எழுந்ததாகும். குளிர்ந்த ஏரிகளிலும் மெல்லென ஓடும் ஆறுகளிலும் நீர்த்தாவரங்களிடையே அசைவற்றுப் பதுங்கியிருந்து, அருகே வரும் மீனை ஒரே பாய்ச்சலிற் பற்றுவது அதன் இயல்பு. செந்நிறமும் வெண்மையும் பட்டைகளாகத் தீட்டப்பட்ட கரண்டி வடிவ உலோகத் தகடு பைக் மீனுக்கு உகந்தது என்பது அந்நாடுகளில் ஏறக்குறைய ஒரு மரபாகவே நிலைத்துள்ளது.

இலங்கையின் இயற்கை நீர்நிலைகளில் பைக் மீன் இல்லை. ஆனால் அதன் வாழ்க்கைமுறையை ஒத்த மீன்கள் உள. நன்னீரிலே விரால் அத்தகையது. தாவரச் செறிவினுள் மறைந்திருந்து மேல்நோக்கிப் பாய்ந்து தவளையையும் சிறு மீனையும் பற்றுவது. கடலிலே சீலாவும் அவ்வாறே திடீர்ப் பாய்ச்சலால் இரை தேடுவது. வாழ்க்கைமுறை ஒத்திருப்பதனால் ஒன்றற்குக் கூறிய நிறம் மற்றொன்றற்கும் பொருந்தும் எனக் கொள்வது இயல்பே. ஆயினும் நிறம் என்பது மீனின் குணத்தை மாத்திரம் பொறுத்ததன்று. மீன் வாழும் நீரையும் பொறுத்தது. இந்நுட்பத்தைக் கருதாமையே குழப்பத்தின் தோற்றுவாய் எனலாம்.

நீர் நிறத்தை என்ன செய்கின்றது?

பொருளொன்று சிவப்பாகத் தோன்றுவது, அதன்மீது விழும் ஒளியிற் செந்நிறக் கூறு இருந்து, அக்கூறினைப் பொருள் தெறிக்கச் செய்வதனாலாகும். விழும் ஒளியிலே செந்நிறம் இல்லையாயின் சிவந்த பொருள் கறுத்தே தோன்றும். தூய நீர் செந்நிற ஒளியை மிகுதியாக உறிஞ்சும் தன்மையது. தெளிந்த கடலிலே 10 மீற்றர் ஆழத்துக்குள் செந்நிற ஒளியின் பெரும்பகுதி அற்றுப்போகின்றது. நீல ஒளியே மிக ஆழம் வரை செல்கின்றது. எனவே கடைக் கண்ணாடிப் பெட்டியினுள் தீப்போற் சிவந்து தோன்றும் இரை, ஆழ்கடலில் இறங்குந்தோறும் பழுப்பாகி ஈற்றிற் கருநிழலாகின்றது. வாங்கியவர் சிவப்பைப் பயன்படுத்துவதாக எண்ணுகின்றார். உண்மையில் அவர் பயன்படுத்துவது கறுப்பையே.

கடலின் நீலம் வானத்தின் தெறிப்பே என்னும் கருத்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் செல்வாக்குப் பெற்றிருந்தது. 1921ஆம் ஆண்டிலே ஐரோப்பியப் பயணத்தின்போது மத்தியதரைக் கடலின் நீலத்தை அவதானித்த சி. வி. இராமன், நீர்ப்பரப்பின் தெறிப்பை நிக்கல் அரியத்தின் துணையால் விலக்கிப் பார்த்தும் நீலம் மறையாமையைக் கண்டு, நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச்செய்கின்றன என நிறுவினார். அவரது ஆய்வுரை 1922இல் வெளிவந்தது. நீரின் நிறம் நீரினுள்ளேயே உருவாகின்றது என்னும் இவ்வுண்மை தூண்டிற்காரனுக்கும் உரியதே. ஏனெனில் அந்த நீலப் பின்னணியிலேயே மீன் இரையைக் காண்கின்றது.

கால்வாயினதும் சதுப்பினதும் நிலை இதற்கு மாறானது. அழுகிய இலைதழைகளிலிருந்து கரைந்து வரும் சேதனப் பொருள்கள் நீல ஒளியை முதலில் விழுங்கிவிடுகின்றன. தேயிலைச் சாயம் போன்ற அந்நீரிலே மஞ்சளும் செம்மஞ்சளும் சிவப்புமே எஞ்சி நிற்கும். பாசி செறிந்தவிடத்துப் பச்சை மேலோங்கும். ஆகவே, கடலிற் கறுத்துப்போகும் அதே செந்நிற இரை, கால்வாயின் ஆழமற்ற பழுப்பு நீரிற் சிவப்பாகவே விளங்கக்கூடும். கடலில் நன்கு தோன்றும் நீல இரையோ அங்கு கரியதாகும். ஒரே சரக்கு, ஒரே நகரம், ஒரே நாள். நிறம் மட்டும் இரண்டு.

பருவமும் இதனை மாற்றுகின்றது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் மேற்குக் கரையோரக் கடல் கொந்தளித்து மணலும் சேறும் கலந்து மங்குகின்றது. காற்று ஓய்ந்த பின்னர், குறிப்பாக ஆண்டின் தொடக்க மாதங்களில், நீர் தெளிவடைகின்றது. கலங்கல், தெளிவு என மீனவர் நீரைப் பாகுபடுத்திப் பேசுவது வெறும் வழக்கன்று. இரையின் நிறத்தைத் தீர்மானிக்கும் முதற் காரணியை அவர்கள் தம் மொழியிற் சுட்டுவதாகும்.

மீனின் கண்

நீர் விட்டுவைத்த ஒளியை மீனின் கண் எவ்வாறு ஏற்கின்றது என்பது அடுத்த வினா. மனிதனுக்குப் போலவே மீனின் விழித்திரையிலும் மங்கிய ஒளியிற் செயற்படும் கோற்கலங்களும், நிறங்களை வேறுபடுத்தத் துணைசெய்யும் கூம்புக் கலங்களும் உள. ஆனால் அவற்றின் தொகையும் அவை உணரும் அலைநீளமும் இனத்துக்கு இனம் வேறுபடுகின்றன. நன்னீர் மீன்கள் பலவற்றின் கண்களிலுள்ள ஒளியுணர் நிறப்பொருள், செந்நிறப் பக்கம் சாய்ந்த உணர்திறன் உடையது. செம்மஞ்சள் ஒளி மிகுந்த நீருக்கு அது பொருத்தமே. திறந்த கடலில் வாழும் மீன்களின் கண்களோ நீலப் பக்கம் சாய்ந்தவை. சூழல் கண்ணை உருவாக்கியுள்ளது எனலாம்.

அமெரிக்க நன்னீர் மீனாகிய பெருவாய்ப் பாஸ் பற்றி 2019இல் வெளியான ஆய்வு ஈண்டு நோக்கற்பாலது. அம்மீனுக்குப் பச்சையையும் சிவப்பையும் உணரும் இருவகைக் கூம்புக் கலங்களே இருந்தன. சிவப்பையும் பச்சையையும் அது நன்கு பிரித்தறிந்தது. ஆனால் நீலத்தைக் கறுப்பினின்றும், பசுமஞ்சளை வெண்மையினின்றும் வேறுபடுத்த இயலாது தடுமாறிற்று. அதாவது, கடையில் நான்கு வேறு விலைகளில் விற்கப்படும் நான்கு நிறங்கள் அம்மீனின் கண்ணில் இரண்டாகக் குறைந்துவிடக்கூடும். இதே மீனுக்கு வெவ்வேறு நிற இரைகளை இட்டு நடத்திய, 2015இல் வெளியான மற்றோர் ஆய்விலே, அகப்பட்ட மீன்களின் தொகையில் நிறத்தினாற் குறிப்பிடத்தக்க வேறுபாடு தோன்றவில்லை. பளிச்சிடும் நிறங்களிற் சற்றுப் பெரிய மீன்கள் அகப்பட்டமை மட்டுமே வேறுபாடாகத் தென்பட்டது.

கணவாயின் நிலை இன்னும் வியப்புக்குரியது. மிகப் பெரும்பாலான கணவாய் இனங்களின் கண்ணில் ஒரேயொரு நிறப்பொருளே உண்டு. ஆகவே அவை நம்மைப்போல நிறம் பிரித்தறிவதில்லை எனவே உயிரியலாளர் கொள்வர். ஆனால் கணவாய் பிடிக்கும் போலி இறால்கள் வானவில்லின் எல்லா நிறங்களிலும் விற்பனையாகின்றன. கணவாய் உணர்வது வெளிச்சத்துக்கும் இருளுக்குமிடையிலான வேறுபாட்டையும், முனைவாக்கிய ஒளியையும், அசைவையுமே. அந்த நிறங்களிற் பல யாருடைய கண்ணுக்காகத் தீட்டப்பட்டன என்பதை நாம் ஊகித்தறியலாம்.

இன்னொரு விடயமும் உண்டு. நீரினுள்ளிருந்து மேல்நோக்கும் மீனுக்கு, ஒளிமுறிவின் காரணமாக வானம் முழுவதும் சுமார் 97 பாகை அகன்ற வட்டச் சாளரமொன்றினுள் அடங்கித் தோன்றும். அச்சாளரத்தில் மிதக்கும் எப்பொருளும் ஒளிமிகு வானத்தின் பின்னணியில் நிழலுருவாகவே தெரியும். மேற்பரப்பில் இழுக்கப்படும் இரைக்கு முதுகின் வண்ணம் மீனைப் பொறுத்தவரை ஏறக்குறையப் பொருளற்றது. இரவிலும் அந்தியிலும் கரிய இரை சிறப்பாகப் பயன்படுவதாகத் தூண்டிற்காரர் கூறுவதன் அடிப்படை இதுவே. ஒளியற்றவேளை நிறம் மறைகின்றது, உருவம் எஞ்சுகின்றது.

மின்னலும் தடுமாற்றமும்

அவ்வாறாயின் மீனை ஈர்ப்பது எது? இவ்வினாவுக்கு விடைகாண இரைமீனின் உடலை நோக்குதல் வேண்டும். சூடை போன்ற சிறு மீன்களின் முதுகு கருநீலமாகவும் வயிறு வெள்ளியாகவும் அமைந்துள்ளது. மேலிருந்து பார்ப்பின் அது ஆழத்தின் இருளோடும், கீழிருந்து பார்ப்பின் வானின் ஒளியோடும் கலந்துவிடும். பக்கங்களிலுள்ள நுண்ணிய தெறிப்புத் தகடுகள் நீரினுள் நிமிர்ந்து நிற்கும் கண்ணாடிபோற் செயற்பட்டு, சுற்றியுள்ள ஒளியையே திருப்பியனுப்பி மீனை மறைக்கின்றன. ஆனால் இம்மறைப்பு மீன் நேராக நீந்தும்வரையே நிலைக்கும். காயமுற்றோ களைத்தோ அது ஒருபுறம் சாய்ந்தவுடன் கண்ணாடி சரிந்து, வெயில் பட்டுப் பளீரென மின்னுகின்றது. கொன்றுண்ணும் மீனுக்கு அம்மின்னல் ஓர் அழைப்பு.

உலோகத் தகட்டு இரை போலிசெய்வது நலமுள்ள மீனையன்று; மறைப்பை இழந்த மீனையே. மாலைதீவு மீனவர் சூரை பிடிக்கும் முறை இதற்குச் சிறந்த சான்று. உயிருள்ள சிறு மீன்களைக் கடலில் எறிந்து, நீரைத் தெளித்து மேற்பரப்பைக் கலக்கிச் சூரைக் கூட்டத்தைத் திரட்டியபின், முள்மடிப்பற்ற பளபளக்கும் கொக்கியைத் தடியாற் சுண்டி வீசுவர். அக்கொக்கியே இரை. நம் வீடுகளிற் சம்பலுக்கு இடிபடும் மாசிக்கருவாட்டின் பின்னே இத்தொழில்நுட்பம் நிற்கின்றது.

இவ்விடத்தே தமிழிலக்கியச் சான்றொன்றும் நினைவுக்கு வருகின்றது. சூதில் வரும் வெற்றியைக் குறள் (931) தூண்டிலின் உலோகத்தை மீன் விழுங்குவதற்கு ஒப்பிடுகின்றது. அவ்வுலோகத்தை அது ‘பொன்’ எனச் சுட்டுகின்றது. பொன் என்பது உலோகத்துக்குப் பொதுப்பெயர் என்னும் மரபுக்கேற்ப, இரையினால் மறைந்த இரும்பினையே இரையென்று மீன் விழுங்குவதாகப் பரிமேலழகர் பொருள்கொள்வார். அவ்வுரை தக்கதே. எனினும் மின்னும் கொக்கி தானே இரையாகும் தொழில்முறையை அறிந்தோர்க்கு, அச்சொல் வேறொரு பொருளையும் உணர்த்தக்கூடும் என்பதை மட்டும் குறிப்பிட விரும்புகின்றோம். மீனெறி தூண்டிலார் எனத் தூண்டிலாற் பெயர்பெற்ற புலவரையும் குறுந்தொகை நமக்குத் தந்துள்ளது. தூண்டில் நம் புலவர்க்கு அயலான கருவியாக இருந்ததில்லை.

மீனவனின் அவதானமும் சந்தையின் நிறமும்

பைக் மீனுக்கான போலி இரைகளில் உலகப் புகழ்பெற்ற ஒன்றின் வரலாறு இவ்வுண்மையை மேலும் தெளிவாக்குகின்றது. பின்லாந்தின் பெய்யன்னே ஏரியில் மீன்பிடித்து வாழ்ந்த வறிய தொழிலாளி லவுரி ராப்பலா. பெருமீன்கள் கூட்டமாகச் செல்லும் சிறு மீன்களுட் சற்றே தள்ளாடும் மீனையே தெரிந்து தாக்குவதை அவர் படகிலிருந்து பலகாலம் அவதானித்தார். 1936இல் தக்கையைக் கத்தியாற் செதுக்கி, சொக்கலேற்றுச் சுற்றிய மின்னுதாளைப் போர்த்தி, வாங்குதற்கு வசதியற்ற மெருகெண்ணெய்க்குப் பதிலாகப் புகைப்படச் சுருளை உருக்கிப் பூசி, தள்ளாடி நீந்தும் இரையொன்றைச் செய்தார். அவர் உருவாக்கியது ஒரு நிறத்தையன்று, ஓர் அசைவை. அமெரிக்காவின் லைஃப் சஞ்சிகையில் 1962இல் வெளியான கட்டுரை அவ்விரையை உலகச் சந்தைக்குக் கொண்டுசென்றது.

பின்னர் நிகழ்ந்தது சந்தைப் பொருளாதாரத்துக்கே உரிய மாற்றமாகும். அசைவு என்னும் கண்டுபிடிப்பை ஒருமுறையே விற்கலாம். நிறத்தையோ ஆண்டுதோறும் புதிதாக விற்கலாம். போலி இரைகளின் பட்டியல்களில் நிறங்கள் பெருகியமைக்கு மீனின் கண்ணைக் காட்டிலும் வாங்குபவனின் கண்ணே காரணம் எனின் அது மிகையாகாது.

எனினும் ஒரு நியாயத்தை நாம் மறுத்தலாகாது. நெதர்லாந்தைச் சேர்ந்த பியூக்கெமா 1970இல் வெளியிட்ட ஆய்விலே, சுழலும் உலோக இரையால் ஒருமுறை பிடிபட்டு விடப்பட்ட பைக் மீன்கள் பின்னர் அத்தகைய இரையைத் தவிர்க்கக் கற்றுக்கொண்டமை தெரியவந்தது. உயிருள்ள இரைமீனை அவை அவ்வாறு தவிர்க்கவில்லை. மீன் கற்கின்றது. பலரும் தூண்டிலிடும் நீர்நிலையில் இரையை மாற்றுவது சிலவேளை பலனளிப்பதற்கு இது காரணமாகலாம். ஆனால் அங்கு வெல்வது குறித்த ஒரு நிறத்தின் மகிமையன்று; அது இதற்குமுன் அங்கு காணப்படாமையே. நேற்றைய பழைய இரையும் வேறொரு நீரிற் புதியதாகும்.

தெரிவு செய்யும் முறை

மேற்கூறியவற்றிலிருந்து நடைமுறைக்கு உதவும் சில வழிகளைத் தொகுக்கலாம். முதலாவது, நீரை அளந்தறிதல். 1865இல் இத்தாலிய விஞ்ஞானி செக்கி, வெண்தட்டொன்றைக் கடலில் இறக்கி அது மறையும் ஆழத்தைக்கொண்டு நீரின் தெளிவை அளந்தார். வெண்ணிற மூடியொன்றைத் தங்கூசி நூலிற் கட்டி இறக்கி எவரும் இதனைச் செய்யலாம். மறையும் ஆழம் தெளிவைக் காட்டும். மறையுமுன் அவ்வெண்மை எந்நிறமாக மாறுகின்றது என்பது நீர் எந்நிற ஒளியை விட்டுவைத்துள்ளது என்பதைக் காட்டும்.

இரண்டாவது, பின்னணியோடு முரண்படும் இரையைத் தெரிதல். தெளிந்த கடலில் வெள்ளியும் நீலமும் கலந்த, அளவிற் சிறிய இரை போதும். அங்கு மீன் தொலைவிலிருந்து காண்கின்றது. மிகையான வண்ணம் ஐயத்தைத் தூண்டக்கூடும். கலங்கிய நீரில் வெண்மை, மஞ்சள் போன்ற ஒளிமிகு நிறமோ முழுக் கறுப்போ ஏற்றது. ஒளிரும் சாயங்கள் குறுகிய அலைநீள ஒளியைப் பெற்று நீண்ட அலைநீள ஒளியாக வெளியிடுவன. ஆதலின் தமக்குரிய நிற ஒளி எட்டாத ஆழத்திலும் அவை தோன்றக்கூடும். மிகக் கலங்கிய நீரிலே கண்ணைக் காட்டிலும் பக்கக்கோட்டு உறுப்பே மீனுக்கு வழிகாட்டும். அங்கு நீரை அதிரச்செய்யும் பருத்த இரையே வேண்டும். வண்ணம் இரண்டாம் பட்சமே.

மூன்றாவது, மீன் நோக்கும் திசையைக் கருதுதல். விரால் கீழிருந்து மேல்நோக்குவது. தாவரங்களின்மீது இழுக்கப்படும் போலித் தவளையிலே மீன் காண்பது அதன் அடிப்புறத்தையும் நிழலுருவையுமே. முதுகிலுள்ள பளிச்சிடும் மஞ்சள் முற்றிலும் பயனற்றதன்று. ஆனால் அது தூண்டிலைப் பிடித்திருப்பவன் தன் இரையைத் தொடர்ந்து காண உதவும் அடையாளமாகும். நிறம் யாருக்காக என்ற கேள்விக்கு அங்கு நேர்மையான விடை கிடைக்கின்றது.

நிறம் தூண்டிற்காரனின் பொறுப்பைச் சோதிக்கும் தருணமும் ஒன்றுண்டு. விராலின் இளங்குஞ்சுகள் செம்மஞ்சள் நிறத்தன. அவை திரளாக நீர்மட்டத்துக்கு வந்து செல்கையில் அவ்விடம் செந்நிறமாகத் தோன்றும்; பெற்ற மீன் கீழே காவல் நிற்கும். அவ்வேளை எந்நிற இரையை எறியினும் அது பாய்ந்து கவ்வும். பசியினால் அன்று, குஞ்சுகளைக் காக்கும் உந்துதலால். அம்மீன் அகப்பட்டதும் குஞ்சுகள் காவலின்றிப் பிற மீன்களுக்கு இரையாகின்றன. நீர்நிலைகளை நம்பி வாழ்வோர்க்கு இது முதலையே அழிக்கும் செயலாகும். 2018இல் ராம்சார் ஈரநில நகராக அங்கீகாரம் பெற்ற கொழும்பின் கால்வாய்களிலும் சதுப்புகளிலும், அச்செந்நிறம் தூண்டிலை மடக்கவேண்டும் என்பதற்கான அறிகுறியாகவே கொள்ளப்படல் வேண்டும்.

முடிவுரை

தொகுத்து நோக்குமிடத்து, இரையின் நிறம் என்பது இரையில் மட்டும் உறைவதன்று எனத் தெளிகின்றது. ஒளி, நீர், பின்னணி, காணும் கண் ஆகியவற்றின் உறவிலேயே அது உருவாகின்றது. இவ்வுறவுகளிலிருந்து பிரித்தெடுத்த நிறம் வெறும் சரக்கு. மீனவர் தலைமுறை தலைமுறையாக நீரின் கலங்கலையும் காற்றின் திசையையும் பொழுதையும் பார்த்து இரை தெரிந்தமை, பாடநூற் சொற்களின்றியே இவ்வுறவுகளை உணர்ந்தமையாகும். அவ்வறிவு முழுவதும் பிழையற்றது என நாம் கூறவரவில்லை. இராசியான நிறம் என்னும் நம்பிக்கைகளும் அதனோடு கலந்துள்ளன. அவையும் சோதனைக்குட்படல் வேண்டும். ஆனால் சோதிக்கப்படாத விளம்பரத்தை விஞ்ஞானம் என ஏற்று, சோதிக்கத்தக்க அனுபவத்தைப் பாமரம் எனத் தள்ளுவது விஞ்ஞான நோக்காகாது.

மீனவர் தம் அவதானங்களை நாளும் நீரும் நிறமும் குறித்து எழுதிவைப்பதற்கும், அவற்றைத் தமிழிலேயே ஆராய்வதற்கும் எமது பல்கலைக்கழகங்கள் துணைநிற்குமாயின், பாமன்கடைக் கால்வாய்க்கும் வெள்ளவத்தைக் கடலுக்கும் பொருந்தும் விடையை நாம் பிற நாட்டுப் பட்டியல்களிலே தேடவேண்டியதில்லை. அதற்கான முதற்கருவி ஒரு வெண்மூடியும் ஒரு முழ நூலும் ஒரு குறிப்பேடுமே.